முன்வாசல் மாத்திரை

சலவைக்கூடத்தில் அவளுக்கு ரேடியோ என்று முதலில் பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. யார் வைத்திருந்தாலும் பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். மருத்துவமனைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, பிழிந்து, கொதிக்கும் உருளைக்குள் விட்டுத் தேய்த்து, மடித்து அனுப்புகிற இடம் அது. இயந்திரங்கள் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் தும்மினால்கூடக் கேட்காது. அவள் பேசுவது மட்டும் கடைசி மேசை வரைக்கும் கேட்கும். சூப்பர்வைசரின் புதுச் செருப்பு எந்தக் காலைக் கடிக்கிறது, அரசாங்கம் செய்வதில் எது தப்பு, எவள் மாமியாரோடு பேச்சை நிறுத்திவிட்டாள், எல்லாம் உருளையின் இந்தப் பக்கம் விரிப்பை விடும்போது ஆரம்பித்து, அந்தப் பக்கம் வெளியே வருவதற்குள் முடிந்துவிடும். பெயர் அவளோடேயே வீட்டுக்கு வந்து, தெருவெல்லாம் பரவி, கடைசியில் அக்கா வீட்டுக்காரரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

இப்படிப்பட்டவள் தினமும் காலையில் கொஞ்ச நேரம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னால் அந்தத் தெருவில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஈர விரிப்பு என்றால் லேசாக நினைத்துவிடக் கூடாது. தொட்டியிலிருந்து அள்ளி இழுக்கும்போது மயங்கிக் கிடக்கிற ஆளைத் தூக்குகிற மாதிரி கனக்கும். வருஷக்கணக்காக இழுத்ததில் வலது தோள் போயிற்று. டாக்டர் மாத்திரை கொடுத்தார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மாத்திரை. தோள் என்று ஒன்று இருப்பதையே மறக்கடித்தது. கொஞ்ச நாளில் வலி விட்டது, மாத்திரை விடவில்லை. ஒரு வேளை தவறினால் மூக்கு ஒழுகும், கால் முறுக்கும், வெயிலில் நின்றாலும் உடம்பெல்லாம் புல்லரிக்கும். டாக்டர் இனிமேல் எழுதித் தர முடியாது என்று கையை விரித்த பிறகு, பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் நிற்கிற ஒருவனிடம் வாங்கினாள். அவன் தருவதில் என்ன கலந்திருக்கிறது என்று அவனுக்கே தெரியாது.

அதிலிருந்து அவளை மீட்டது இன்னொரு மாத்திரை. அதன் பெயரை வாய் சுளுக்காமல் சொல்ல முடியாது என்பதால் எல்லாரும் நாக்கு மாத்திரை என்பார்கள். விழுங்கக் கூடாது. நாக்குக்கு அடியில் வைத்து, தானாகக் கரைகிற வரைக்கும் அசையாமல் இருக்க வேண்டும். பேசினால் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். வயிற்றுக்குப் போனால் அது போன இடம் தெரியாது, பாதிப் பலன்கூட இருக்காது. நர்ஸ் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கசப்பும் புளிப்புமாக வாயெல்லாம் ஊறும். ஆனால் அது கரைந்து முடிந்தால் அந்த நாள் அவளுடையது. மயக்கம் கிடையாது, மிதப்பு கிடையாது, கால் முறுக்கல் கிடையாது. வேலைக்குப் போகலாம், வம்பு பேசலாம், ராத்திரி தூங்கலாம்.

ஒரே சங்கடம், அதைக் கொடுக்கிற மருத்துவமனை ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. விடிவதற்கு முன் கிளம்பி, ஒரு பஸ்ஸில் ஏறி, இறங்கி, இன்னொன்றில் தொங்கிக்கொண்டு போய், வரிசையில் நின்று, வாயை மூடி உட்கார்ந்து, அதே வழியில் திரும்பி வருவதற்குள் முதல் ஷிஃப்ட் ஆரம்பித்திருக்கும். சூப்பர்வைசர் முதலில் முறைத்தார், பிறகு சலித்துக்கொண்டார், கடைசியில் இன்னொரு தடவை தாமதமானால் உருளைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று பட்டென்று சொல்லிவிட்டார். மாத்திரையா, வேலையா என்று இரண்டும் அவள் கழுத்தில் ஆளுக்கொரு பக்கம் கயிறு போட்டு இழுத்தன.

அந்தச் சமயத்தில்தான் சுகாதாரத் துறை அவள் தெரு மருந்துக்கடைக்கு அனுமதி கொடுத்தது. கடைக்காரரை எல்லாரும் பழைய வழக்கப்படி கம்பவுண்டர் என்றே கூப்பிடுவார்கள். அதிர்ந்து பேசத் தெரியாதவர். சில்லறை கேட்கக்கூட மன்னிப்புக் கேட்பார். அவர்தான் யாரிடமும் சொல்லாமல் மனுப் போட்டு, பயிற்சிக்குப் போய், கடை ஓரத்தில் ஒரு திரையும் நாற்காலியும் போட்டுத் தயாராகியிருந்தார். இந்தப் பக்கத்து ஆட்கள் இனிமேல் அங்கேதான் போக வேண்டும், உன் பெயரையும் மாற்றியாயிற்று என்று மருத்துவமனையில் சொன்னபோது ரேடியோவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டிலிருந்து இறங்கி நாலு கடை தாண்டினால் மருந்து. அதற்கப்புறம் நிதானமாக நடந்து போய்கூட ஷிஃப்டைப் பிடிக்கலாம். லாரியோடு எங்கோ நெடுஞ்சாலையில் இருந்த கணவனுக்குப் போன் போட்டு, அவன் ஹலோ சொல்வதற்குள் விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டாள்.

அவள் சந்தோஷம் சங்கக் கூட்டம் வரைக்கும்தான் நீடித்தது.

குடியிருப்போர் சங்கத்துக்கு அக்கா வீட்டுக்காரர்தான் தலைவர். கெட்டவர் இல்லை. தெருவிளக்கு எரிவதும், சாக்கடைக்கு மூடி வந்ததும் அவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதால்தான். அதனாலேயே தெரு முழுக்கத் தன் வீட்டு முற்றம் என்று ஒரு நினைப்பு. மொட்டை மாடியில் எல்லாரையும் கூட்டி, போதை ஆட்களுக்கு நம் தெருவில் பந்தி விரிக்கப் போகிறார்கள், நாளைக்கு நம் வீட்டுப் பெண்கள் வெளியே தலைகாட்ட முடியாது என்று ஆரம்பித்தார். கம்பவுண்டரிடம் பேசிப் பார்த்தாராம். மனுஷன் கையைப் பிசைந்தாராம், மன்னிப்புக் கேட்டாராம், ஆனால் முடியாது என்று சொல்லிவிட்டாராம். அதனால் என்ன, இதற்கு அடிதடி எல்லாம் தேவையில்லை என்றார் தலைவர். அவர் விசாரித்துவிட்டு வந்திருந்தார். அனுமதி சோதனைக்காகக் கொடுத்ததுதான். ஆள் வரவில்லை என்றால் துறையே மூட்டை கட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விடும். கடை வாசலில் நாம் சும்மா நின்றாலே போதும். இந்த ஆட்களுக்கு வெளியே தெரிந்துவிடுமோ என்கிற பயம்தான் பெரிசு. நாலு முகத்தைப் பார்த்தால் ஓடிவிடுவார்கள்.

எல்லாரும் தலையாட்டினார்கள். வாசலில் நின்று வருகிறவர்களிடம் யார் பேசுவது என்று ஒருவர் கேட்டார். தலைவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"நம்ம ரேடியோ இருக்கும்போது யாரைத் தேடணும்? அவ ஒரு வாய் பேசினா வந்தவன் எதுக்கு வந்தோம்னே மறந்துட்டுப் போயிடுவான்."

மாடியே சிரித்தது. அவளும் சிரித்தாள். யாரோ இரண்டு விரலால் உதட்டைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு. முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். ஏன் என்று கேட்பார்களே? தோசைக்கல்லில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தபோது கூட்டமே கலைந்துவிட்டது.

இறங்கும்போது அக்கா படியில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். குடும்பத்தில் ரேடியோவின் கணவனைத் தவிர விஷயம் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான்.

"நாளைக்கு வரலைன்னு சொல்லிடுடி. தோள் வலின்னு சொல்லு."

"தோள் வலின்னு சொல்லித்தானேக்கா இவ்வளவு தூரம் வந்து நிக்கிறேன்."

அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கும் நாக்கு மாத்திரையோடு ஒரு கணக்கு இருந்தது. ஒரு பழக்கத்தை விட்டு இன்னொரு பழக்கமா, விடுகிறதென்றால் ஒரேயடியாக விட வேண்டாமா, நம் பரம்பரையில் இப்படி மனத்திடம் இல்லாதவள் யார் என்று முன்பு அவள்தான் நச்சரித்தாள். அக்கா சொல்லைத் தட்ட முடியாமல் ரேடியோவும் ஒரு தடவை நிறுத்திப் பார்த்தாள். சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். குளியலறைக் கதவை உடைத்து, உதடு நீலம் பாரித்துக் கிடந்தவளை மடியில் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் கத்தியது அதே அக்காதான். அதற்கப்புறம் மாத்திரையை விடு என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் சரி என்றும் சொன்னதில்லை. தன் வீட்டுக்காரரிடம், தங்கைக்கு ரத்த அழுத்தம் என்று சொல்லி முடித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ரேடியோ சோப்பு வாங்குகிற சாக்கில் கடைக்குப் போனாள். கம்பவுண்டருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மேசைக்கு மேல் குனிந்து, சந்துப் பக்கம் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கிற கதவைத் திறந்து வைப்பதாகவும், முன்னால் நிற்கிறவர்கள் டீக் குடிக்கப் போகிற நேரத்தில் அந்த வழியாக வந்துவிடும்படியும் மெதுவாகச் சொன்னார். யாருக்கும் தெரியாது, பக்குவமாக முடித்துவிடலாம் என்றார். பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது அவளுக்கு. முன்வாசலில் நின்று கொடி பிடிக்கலாம், பின்வாசலில் வந்து மருந்தும் வாங்கலாம். போனில் இதைக் கேட்ட கணவன், உனக்கு எது தோதோ அப்படிச் செய், ஆனால் மாத்திரையை மட்டும் தவறவிட்டுவிடாதே என்றான். அவனுக்கு வேண்டியதெல்லாம் திரும்பி வரும்போது கதவைத் திறக்க அவள் இருப்பதுதான்.

காலையில் கடை திறப்பதற்கு முன்பே சங்கம் திரண்டுவிட்டது. கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஒரே பரபரப்பு. "எங்கள் தெருவைக் காப்போம்" என்று எழுதிய அட்டைகள் வந்திருந்தன. தலைவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு அட்டையோடு வந்திருந்தார். ரேடியோவைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், இன்னொரு அட்டையைக் கொடுத்துப் படிக்கட்டுக்கு நேர் எதிரே நிறுத்தினார். அவளுக்குக் கொட்டாவி வர ஆரம்பித்திருந்தது. தூக்கக் கொட்டாவி இல்லை, அது வேறு. உடம்பு மாத்திரையைத் தேட ஆரம்பித்தால் முதலில் கொட்டாவியைத்தான் தூது அனுப்பும். கையால் மறைத்துக்கொண்டாள்.

கம்பவுண்டர் வந்து, எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, ஷட்டரைத் தூக்கினார். பாதியில் சிக்கிக்கொண்டது. வழக்கமாக ஓடி வந்து கைகொடுக்கிறவர்கள் ஒருவரும் நகரவில்லை. அவராகவே முட்டுக் கொடுத்துத் தள்ளி, உள்ளே போய் விளக்கைப் போட்டார்.

முதலில் இருமல் மருந்துக்கு ஒருவர் வந்தார், விட்டார்கள். தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் எதிர்ச் சாரியில் நின்று பார்த்துவிட்டு, வந்த வழியே போனாள். அட்டை பிடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்துகொண்டார்கள். ரேடியோவுக்கு அந்த நடை தெரியும். தினமும் மருத்துவமனையில் அவளுக்கு இரண்டு ஆள் முன்னால் நிற்கிறவள்.

அடுத்தது பெயிண்டர் வந்தான். வீடுகளுக்குச் சுண்ணாம்பும் வர்ணமும் அடிக்கிறவன். தலைமயிரில் எப்போதும் இரண்டு மூன்று நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். மருத்துவமனை பெஞ்சில் அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, தன் முறைக்குக் காத்துக்கொண்டே அவளிடம் வாய் ஓயாமல் பேசுவான். "இப்பத்தான்க்கா உங்களை ஜெயிக்க முடியும்" என்பான். அவள் சிரித்து மாத்திரையை விழுங்கிவிடப் போகிறாள் என்று நர்ஸ் அவனை விரட்டுவாள். இப்போது தெருமுனையில் திரும்பியவன், கூட்டத்தைப் பார்த்ததும் நின்றான். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவன் போல நேராக வந்தான்.

எங்கே போகிறீர்கள் என்று தலைவர் மரியாதையாகத்தான் கேட்டார். தலைவலி மாத்திரைக்கு என்றான். அதற்கு அடுத்த தெருவில் கடை இருக்கிறது என்றார். அப்போதுதான் அவன் கண் ரேடியோ மேல் விழுந்தது. அவள் கையில் இருந்த அட்டையையும் படித்தான்.

இதோ, அக்கா என்று கூப்பிடப் போகிறான், எல்லாம் போயிற்று என்று நினைத்தாள். அவன் கூப்பிடவில்லை. முன்பின் பார்த்தே இராதவளிடம் கேட்கிற மாதிரி கேட்டான்.

"ஏம்மா, கடை இன்னிக்கு இல்லையா?"

"சொல்லும்மா ரேடியோ," என்றார் தலைவர்.

அவள் அட்டையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவன் இரண்டு விநாடி காத்திருந்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டினான். அதில் கோபம்கூட இல்லை. காட்டிக்கொடுக்காமல் போகிறேன், நீயாவது நிம்மதியாக இரு என்பது போல இருந்தது. திரும்பி நடந்தான். பின்னாலிருந்து யாரோ, ஆள் முகரையைப் பார்த்தாலே தெரியுது என்றார்கள். சிரித்தார்கள். அவன் போவது மருத்துவமனைக்குப் பஸ் ஏற இல்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பின்பக்கம். அங்கே நிற்கிறவன் இவனைப் பார்த்ததும் எப்படிக் கையைச் சட்டைப் பைக்குள் விடுவான் என்பதுகூட அவளுக்குத் தெரியும். குளியலறைத் தரையின் ஜில்லிப்பு கன்னத்தில் வந்து ஒட்டின மாதிரி இருந்தது.

பின்வாசல் அவளுக்கு மட்டும்தானே திறந்திருக்கிறது.

"பெயிண்டரே, நில்லுங்க. எங்க போறீங்க? கடை திறந்துதான் இருக்கு."

அவள் குரல் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கேட்டது. அவன் நின்றான். திரும்பவில்லை.

"வாங்க. நானும் அதுக்குத்தான் போறேன்."

அட்டையைத் தலைவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டார். வாங்கின பிறகுதான் ஏன் வாங்கினோம் என்று தெரியாமல் விழித்தார். அதற்குள் அவள் படியேறிவிட்டாள்.

உள்ளே கம்பவுண்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சந்துப் பக்கம் கையைக் காட்டி ஏதோ முணுமுணுத்தார்.

"சந்து எதுக்கு? முன்வாசல் என்ன அடைச்சா கிடக்கு?" என்றாள் அவள். "அந்த நாற்காலியைத் திரைக்கு இந்தப் பக்கம் போடுங்க. கண்ணாடி ஓரமா. வெளிய நிக்கிறவங்களுக்கு நல்லாத் தெரியட்டும்."

மன்னிக்கணும், விதிப்படி உங்களுக்கு மறைவு கொடுக்க வேண்டியது என் கடமை என்றார் அவர். மறைவு வேண்டியவர்களுக்கு அதைக் கொடுங்கள், எனக்கு வெளிச்சம் போதும் என்றாள். அவர் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். ஒரு மிடறு தண்ணீர் கொடுத்து வாயை நனைத்துக்கொள்ளச் சொன்னார். மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தார். அவள் நாக்கைத் தூக்கி வைத்து, வாயை மூடி, கையை மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்த முகங்களில் ஈயாடவில்லை. முதலில் அசைந்தவர் தலைவர்தான். உள்ளே வந்தார், இரண்டு அட்டையோடும்.

இது என்ன கூத்து என்று கேட்டார். உனக்கு எதற்கு இந்த மருந்து என்றார். எத்தனை நாளாக நடக்கிறது, உன் புருஷனுக்குத் தெரியுமா, உன் அக்காவுக்குத் தெரியுமா, எங்கள் வீட்டுக்குள் உரிமையோடு வந்து போனாயே, எங்களை முட்டாளாக்கத்தானா என்றார். ஒவ்வொரு கேள்விக்கும் நறுக்கென்று ஒரு பதில் அவள் தொண்டை வரைக்கும் வந்து, மாத்திரை இருப்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிப் போயிற்று. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு சித்திரவதையை அவள் அனுபவித்ததில்லை. காதுமடல் சுட்டது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? கேக்கிறேன்ல, பதில் சொல்லு."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தது பார்த்தபடி இருந்தாள்.

வீட்டில் அவள் எதிரே இருந்தால் தலைவர் எப்போதும் பாதி வாக்கியத்துக்கு மேல் பேசினதில்லை. மீதியை அவள் பிடுங்கிக்கொள்வாள். பிடுங்க ஆள் இல்லாமல் இன்று அவர் பேச்சு முழுசாக வெளியே வந்தது. வாசலில் நின்றவர்கள் முழுசாகக் கேட்டார்கள். குடிகேடி என்றார். நம் குடும்பத்துக்கு வந்த சாபக்கேடு என்றார். சத்தமில்லாத கடைக்குள் அந்த வார்த்தைகள் பாட்டில் பாட்டிலாகப் போய் முட்டிக்கொண்டு திரும்பி வந்தன. அவருக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி இறங்கிற்று. அவள் மட்டும் ஒரு வார்த்தை திருப்பிப் பேசியிருந்தால் அவருக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அவள் கொடுக்கவில்லை.

அந்த இடைவெளியில்தான் பெயிண்டர் உள்ளே வந்தான். தலைவரைச் சுற்றிக்கொண்டு போய்க் கம்பவுண்டர் முன்னால் நின்றான். எனக்குத் திரைக்குப் பின்னால் என்றான். தாராளமாக என்றார் கம்பவுண்டர். மாத்திரையை வாயில் வைத்துக்கொண்ட பிறகு அவனுக்கு என்ன தோன்றிற்றோ, திரையை விலக்கிக்கொண்டு வந்து அவள் நாற்காலிக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்தால் சிரிப்பு வந்துவிடும்.

தலைவருக்கு இது தாங்கவில்லை. அவள் தோளைப் பிடித்து உலுக்கப் போகிறவர் மாதிரி கையை நீட்டினார்.

"அவளைத் தொடாதீங்க."

அக்கா வாசலில் நின்றிருந்தாள். அடுப்படியிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள். கையில் ஈரம், காலில் செருப்பு இல்லை.

"அவளைப் பேச வைக்காதீங்க. கரையறதுக்குள்ள பேசினா மருந்து வீணாப் போயிடும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்," என்றாள் அக்கா. "அன்னிக்கு ஆம்புலன்ஸ்ல போனது ரத்த அழுத்தத்துக்கு இல்ல. மாத்திரையை விட்டதுக்கு. நீங்க இப்படி நின்னீங்கன்னா மறுபடியும் விடுவா. மறுபடியும் தூக்க என் கையில தெம்பு இல்ல. சத்தம் போடாதீங்க."

கல்யாணமானதிலிருந்து அக்கா அவரிடம் இருங்க, வாங்க, சாப்பிடுங்க என்று எத்தனையோ சொல்லியிருக்கிறாள். சத்தம் போடாதீங்க என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் நீட்டின கையை இழுத்துக்கொண்டு, மருந்து அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

வாயில் கடைசித் துணுக்கும் கரைந்தது. ரேடியோ கம்பவுண்டரைப் பார்த்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். அவர் எட்டிப் பார்த்து, தலையசைத்து, தண்ணீர் கொடுத்தார். நிதானமாக வாயில் வைத்துக் கலக்கிக் குடித்தாள். எழுந்தாள்.

"இப்ப கேளுங்க மாமா. வரிசையா சொல்றேன். ஆமா, நான்தான் அந்த ஆள். எந்த ஆள் வந்து தெருவைக் கெடுப்பான்னு பயந்தீங்களோ, அந்த ஆள் உங்க மாடிப்படியிலதான் தினமும் ஏறி இறங்குது. நீங்க வெளியூர் போனா வீட்டுச் சாவியை யார்கிட்ட குடுத்துட்டுப் போறீங்க?"

தெரியாமல் கொடுத்தோம் என்று வாசலிலிருந்து யாரோ சொன்னார்கள்.

"தெரிஞ்சிருந்தா குடுத்திருக்க மாட்டீங்க. வாஸ்தவம். ஒரு ஸ்பூன் தொலைஞ்சுதா?" அவள் தலைவரை விட்டுவிட்டு வாசலைப் பார்த்துப் பேசினாள். "போதை ஆட்களுக்குப் பந்தி விரிக்கிறாங்கன்னு நேத்து மாடியில சொன்னீங்க. நான் நாள் முழுக்கக் கொதிக்கிற உருளையில துணி விடுறவ. கண்ணு ஒரு நிமிஷம் சொருகினா கை உள்ள போயிடும்." இரண்டு கையையும் விரித்து உயரத் தூக்கிக் காட்டினாள். "எல்லா விரலும் இருக்கு. சந்தேகம் இருந்தா எண்ணிப் பாத்துக்குங்க. பஸ் நிறுத்தத்துல விக்கிறவனைத் தொரத்த என்னிக்காவது அட்டை பிடிச்சீங்களா? அவன் அங்கேயேதான் நிக்கிறான், ஜோரா. மருந்து குடுக்கிறவர் வாசல்லதான் உங்களுக்கு வீரம்."

மாத்திரை இன்னும் கரையாததால் பெயிண்டருக்குப் பேச முடியவில்லை. சுவரில் சாய்ந்தபடியே கையை மட்டும் மெதுவாக ஒரு தடவை தட்டினான்.

இதைக் கேட்டு எல்லாரும் மனம் மாறிக் கண்ணீர் விட்டார்கள் என்று சொன்னால் அது கதை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேர், வேலைக்கு நேரமாயிற்று என்று நழுவினார்கள். ஒருத்தி, இவ்வளவு நாள் இவளோடு உட்கார்ந்து சாப்பிட்டேனே என்று முகத்தைச் சுளித்தாள். அட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு விசிறிக்கொண்டார் ஒருவர். தலைவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒரு பொம்பளை பேசினதற்காக இந்தத் தெரு தலைகுனியாது, நாளைக்கும் நிற்போம், இன்னும் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவோம், எத்தனை பேர் துணிந்து இந்தப் படியேறுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன் என்றார். சொல்லிவிட்டு, வெளியே போய் அதே இடத்தில் நின்றார். அக்கா அவரோடு போகவில்லை. கடைப் படியில், வெறுங்காலோடு, வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

கம்பவுண்டரின் முகம் வியர்த்திருந்தது. துறைக்கு இன்றைக்கு இரண்டு பேர் வந்தார்கள் என்று சொல்லலாம் என்றார், ஏதோ பரீட்சையில் தேறிவிட்டவர் மாதிரி. மூன்று என்று சொல்ல வேண்டியிருக்கும், முக்காடு போட்ட அந்த அம்மாவைத் தேடிப் பிடித்துக் கூட்டி வரும்படி பெயிண்டரிடம் நான் சொல்லப்போகிறேன் என்றாள் ரேடியோ. பெயிண்டர் மூடின வாயோடு சரி என்று கண்ணைக் காட்டினான்.

ஷிஃப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஓட வேண்டியதில்லை. அவள் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கூட்டம் தானாக விலகிற்று. அதைத் தலைவருக்கு நேர் பின்னால் கொண்டுபோய்ப் போட்டு, உட்காருகிற பலகையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"உக்காருங்க மாமா. நின்னுக்கிட்டே எண்ணினா கால் வலிக்கும். நாளைக்கு நான் வருவேன், நாளன்னிக்கும் வருவேன், எண்ணி எண்ணி உங்களுக்குத்தான் அலுத்துப் போகும்."

அவர் உட்காரவில்லை. நாற்காலியைத் தள்ளவும் இல்லை. அவள் திரும்பிப் பார்க்காமல், சலவைக்கூடத்துக்குப் போகிற பாதையில், எதிரே வந்த கீரைக்காரியிடம் நடந்ததையெல்லாம் ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டே நடந்தாள்.